பாப்பா போட்ட எச்சரிக்கைப் பதிவு

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. வயது முப்பத்தாறு ஆன பிறகும் அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள். பகலில் கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, சின்ன அளவுகோலை மூக்குக்கு மேலே பிடித்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிக்கொள்வாள். ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்துக் காதில் பொருத்திப் பார்ப்பாள். நாளுக்கு இருபது முகங்களை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிற வேலை அது. "பழைய கண்ணாடி தானா விழுந்து உடைஞ்சிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார் என்பது அவருடைய தோள்பட்டையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கண் மேடைக்கும் உதவியது. பாப்பா மௌன நாடகம் போடுகிறவள். வாய் திறக்காமல், கையில் எதுவும் இல்லாமல், உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்ல வேண்டும். எட்டு வருடம் ஒரு தோழியோடு சேர்ந்து பள்ளி ஆண்டுவிழா, கம்பெனி விழா என்று போய்வந்தாள். தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனதும் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தாள். கை கால் எல்லாம் துருப்பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் போனைக் கையில் எடுத்தாள்.

காலையில் கடையை அரைமணி முன்னதாகத் திறந்து, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை மாட்டிய வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு நிமிட நாடகம் நடிப்பாள். போன், கண்ணாடிப் பெட்டிகளின் அடுக்கில் சாய்ந்து நின்று படம் பிடிக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள், பல் வலிக்காரன், கூட்டத்தில் தும்மலை அடக்குகிறவள் என்று வாரம் ஒன்று ஏற்றினாள். மேடைக் கலைஞர்களுக்கென்று நாலாயிரம் பேர் இருந்த இணையக் குழு ஒன்றில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதற்கே ஒதுக்கினாள். விழா நடத்துகிறவர்களைத் தேடி ஐந்து பேருக்கு எழுதுவாள். பத்துப் பேருடைய வீடியோவைக் கடைசிவரை பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக நாலு வரி சொல்லுவாள். வெறும் "அருமை" போடுவது அவளுக்குப் பிடிக்காது. தனக்கு யாராவது "அருமை" போட்டாலும் விடமாட்டாள். யார் அந்த ஆள், எதற்குப் போட்டான், முன்னால் யார் யாருக்குப் போட்டிருக்கிறான் என்று கிண்டிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொல்லுவாள்.

சந்தேகம் அந்த வீட்டுச் சொத்து. அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கிற அதிகாரி. கார் மரத்தில் மோதியது என்றால் மரத்தைப் போய் முகர்ந்து பார்க்கிற ஆள். அண்ணி காய்கறி வாங்கி வந்தால்கூட, "எந்தக் கடை? எத்தனை மணிக்கு?" என்பார். "கூட யார் இருந்தாங்கன்னு கேக்க மறந்துட்டீங்க" என்று அண்ணி அலுத்துக்கொள்வாள்.

பாப்பாவைப் பின்தொடர்கிறவர்கள் நானூறு பேர் ஆன சமயத்தில் அந்த அழைப்பு வந்தது. அனுப்பியது 'நாற்பது நாற்காலி' என்ற சிறிய அரங்கம். ஒருநாள் ரயில் பயணத்தில் இருக்கிற ஊர்.

"வணக்கம். தங்களது மௌன நிகழ்ச்சிகளைக் கண்டு மகிழ்ந்தோம். எமது மூன்று நாள் விழாவில் தாங்கள் பங்கேற்க இசைவு தெரிவிக்க வேண்டுகிறோம்."

பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று முறை படித்தாள். நாலாவது முறை படிக்கும்போது, வழக்கம்போல, எதற்கு என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றிவிட்டது. சில கேள்விகள் எழுதி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது.

"ஹாய்!! நீங்க ஓகே சொன்னதே எங்களுக்கு சூப்பர் சந்தோஷம்!! டிக்கெட், ரூம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்!! அடையாள அட்டை காப்பி மட்டும் அனுப்பிடுங்க ப்ளீஸ்!!"

அவள் இன்னும் சம்மதமே சொல்லவில்லை. மேடை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்ததற்கு மூன்றாவதாக ஒன்று வந்தது.

"மேடை 14 அடி. விளக்கு 9. வேற என்ன."

மூன்றும் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. பாப்பா போனை அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஒரே ஆள் மூணு மாதிரி எழுதுவானா பாப்பா?"

"அதான் எனக்கும்."

"ஒருத்தன் புலவர். ஒருத்தன் குதிக்கிறான். ஒருத்தன் தந்தி அடிக்கிறான். இது கும்பல். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். அடையாள அட்டை வேற கேட்டுட்டானா? முடிஞ்சுது."

"ரூம் போடறதுக்குன்னு சொல்றாங்கண்ணா."

"அப்படித்தான் சொல்லுவாங்க. வேற எதுக்குன்னு சொல்லுவாங்க, உன் பேர்ல கடன் வாங்கறதுக்குன்னா?"

விசாரணை தொடங்கியது. அரங்கத்தின் இணையப் பக்கம் ஆரம்பித்துப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. பின்தொடர்கிறவர்கள் அறுபத்தோரு பேர். ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கி அண்ணன் பேனா முனையால் நாற்காலிகளை எண்ணினார். முப்பத்துநாலு. "நாற்பதுன்னு பேர் வச்சிட்டு முப்பத்துநாலா? காதுல பூ சுத்தறாங்க" என்றார். வீடியோ காலில் பேசலாமா என்று பாப்பா கேட்டாள். நாளை என்றார்கள். மறுநாள், மன்னிக்கவும், செவ்வாய்க்கிழமை என்றார்கள். செவ்வாயன்று இணையம் சரியில்லை என்றார்கள். கடைசியில் அண்ணன், அந்த இணையப் பக்கத்தில் போட்டிருந்த தொலைபேசி எண்ணைத் தன் ஆபீசிலிருந்து கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண்குரல், "பள்ளி நூலகம், சொல்லுங்க" என்றது. அண்ணன் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார். சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "கையும் களவுமா பிடிச்சாச்சு."

அண்ணி மட்டும் துணி மடித்துக்கொண்டே, "நூலகம்னு சொன்னதும் நீங்க ஏன் வச்சிட்டீங்க? இங்க அரங்கம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டா உஷார் ஆயிடுவாங்க."

அந்தப் பதில் பாப்பாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. வாழ்நாள் முழுக்க ஆட்களின் உடம்பைப் படித்தே பழகியவள் அவள். எழுத்துக்குத் தோள்பட்டை கிடையாது. கை எங்கே இருக்கிறது, கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எதுவும் தெரியாது. தெரியாத இடத்தையெல்லாம் பயம் போய் நிரப்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலாயிரம் பேர் குழுவில் எழுதினாள். "எச்சரிக்கை! 'நாற்பது நாற்காலி' என்ற பெயரில் ஒரு மோசடிக் கும்பல் கலைஞர்களுக்கு வலை விரிக்கிறது." மூன்று கடிதங்களையும் படமெடுத்துப் போட்டாள். நாற்காலிக் கணக்கையும் நூலகத்துத் தொலைபேசியையும் விடவில்லை.

மதியத்துக்குள் முந்நூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள். "கண்ணைத் திறந்தீங்க சகோதரி." "எனக்கும் இப்படித்தான் ஒருத்தன்." ஆளாளுக்குத் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டார்கள். நானூறு இருந்த இடத்தில் ஒரே வாரத்தில் இரண்டாயிரத்து நூறு பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். கலைஞர்களுக்கான விழிப்புணர்வு பற்றி நேரலையில் பேசச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். வாய் திறக்காமல் நடித்து இணையத்தில் பேர் வாங்க மூன்று வருடம் பாடுபட்டவள், வாய் திறந்து நாற்பது நிமிடம் பேசினாள். பேசி முடித்ததும் மனசில் ஒரு மிதப்பு. அதற்கு அடியில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டும் இருந்தது. அந்த வாரம் ஏற்றிய நாடகத்தை இரண்டாயிரம் பேரில் ஐம்பது பேர்கூடப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் கடையில், ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் வளைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. குழுவில் பழக்கமான பந்துக்காரி. ஏழு பந்துகளை ஒரே நேரத்தில் காற்றில் ஆடவிடுகிறவள். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் வீடியோவுக்கு ஒருவர் நாலு வரி எழுதியே சிநேகிதமானவர்கள்.

"அடிப்பாவி, என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "கை உடைஞ்சு ஒரு மாசமா நான் குழுப் பக்கமே வரல. இன்னிக்குப் பாத்தா இப்படி இருக்கு. போன வருஷம் அங்கதான் நான் ஆடினேன். தங்கமான ஆளுங்க."

பாப்பாவின் கை நின்றது. முதலில் தோன்றியது வெட்கம் இல்லை. இவளும் அந்தக் கும்பலைச் சேர்ந்தவளோ என்றுதான் தோன்றியது. கை உடைந்தது என்கிறாள். கட்டுப் போட்ட படம் ஒன்றையும் காணோமே?

"நீ அங்க ஆடினதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"என்னையே சந்தேகப்படறியா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ? இரு, அனுப்பறேன்."

வெட்டு ஒட்டு இல்லாத பதினெட்டு நிமிட வீடியோ வந்தது. அரங்கத்தின் புகைப்படத்தில் பார்த்த அதே சின்ன மேடை, அதே சுவர். அண்ணன் அதை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப யார் வேணா தயார் பண்ணலாம்" என்றார். ஆனால் குரலில் பழைய அழுத்தம் இல்லை. பாப்பா அதைக் கவனித்தாள்.

பந்துக்காரியே ஏற்பாடு செய்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வீடியோ கால். அண்ணன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, திரையில் தெரியாதபடி மேஜைக்குப் பக்கவாட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார்.

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். ஒரே போனுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் புத்தக அலமாரி. நடுவில் நரைமுடி அம்மா ஒருவர், அந்தப் பள்ளியின் நூலகர். இடப்பக்கம் மருந்துக்கடை நடத்துகிற இளம்பெண், மடியில் குழந்தை. வலப்பக்கம் கையில் ஸ்க்ரூடிரைவரோடு எலக்ட்ரீஷியன். திரையின் ஓரத்தில் வெட்டுப்பட்டு, அவருக்குப் பாதி முகம்தான் தெரிந்தது.

"வணக்கம்மா. பதில் எழுதறது நாங்க மூணு பேருந்தான்" என்றார் நூலகர். "யாருக்கு நேரம் கிடைக்குதோ அவங்க எழுதுவோம். மூணு பேரும் சேர்ந்து இருக்கறது செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும். அதான் உங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். அரங்கம் நூலகத்துக்கு மாடியில இருக்கு. அதுக்குன்னு தனி போன் கிடையாது."

பாப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கண் போனது எலக்ட்ரீஷியனிடம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்து உள்ளே இழுபட்டு, பார்வை போனுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. பொய் சொல்கிற உடம்பு அவளுக்குத் தெரியும். இது அடிபட்ட உடம்பு. விளக்கம் முடிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேஜைப் பக்கவாட்டிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "நாற்காலி ஏன் முப்பத்துநாலு?"

திரையில் மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். "யாரு அது?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"எங்க அண்ணன்" என்றாள் பாப்பா. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஆறு நாற்காலிக்குக் கால் உடைஞ்சிருச்சுங்க" என்று நூலகர் பொறுமையாகச் சொன்னார். "ரிப்பேருக்குப் போயிருந்துச்சு."

அண்ணன் நோட்டில் எதையோ எழுதப் போய், எழுதாமல் மூடி வைத்தார்.

நடந்ததை நூலகர் சொன்னார். அழைத்திருந்த ஐந்து பேரில் புல்லாங்குழல்காரரும் மாயாஜாலக்காரரும் விலகிவிட்டார்கள். யாரோ அந்தப் பதிவைப் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்பிவைக்க, நிர்வாகம் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்திருக்கிறது. அப்போதுதான் எலக்ட்ரீஷியன் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"உங்களுக்குச் சந்தேகம் வந்தது தப்பில்லைங்க. எங்ககிட்டயே கேட்டிருக்கலாமே. நீங்க மூணு பேரா, ஒருத்தரான்னு. கேட்டா சொல்லியிருப்போம்."

பாப்பா திரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அன்றைக்கே திருத்தம் எழுதினாள். 'நான் சொன்னது தவறு. அவர்கள் நேர்மையானவர்கள். விசாரிக்காமல் பழி போட்டேன்.' எச்சரிக்கைக்கு முந்நூறு பேர் வந்த இடத்தில் இதற்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பழைய பதிவை நீக்கினாள். அதன் படம் மட்டும் யார் யார் பக்கத்திலோ சுற்றிக்கொண்டே இருந்தது. அவளைப் புதிதாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு மூக்கில் வியர்த்தது. "திடீர்னு ஏன் பல்டி?" என்றார் ஒருவர். "மிரட்டினாங்களா, கவனிச்சாங்களா?" என்றார் இன்னொருவர். அவளுடைய பழைய வீடியோக்களைத் தோண்டியெடுத்து, பின்னால் தெரிகிற கண்ணாடிக்கடை யாருடையது என்று ஒருவர் ஆராய ஆரம்பித்தார். பாப்பா அத்தனையையும் படித்தாள். தான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்து, ஒருநாள் முழுக்கக் கடையில் யார் முகத்தையும் தேவைக்கு மேல் பார்க்கவில்லை.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. மாயாஜாலக்காரருக்கு எழுதினாள். அவர் நம்பவில்லை. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பந்துக்காரி மூலமாகப் பிடித்து, நூலகரையும் சேர்த்து வீடியோ காலுக்கு இழுத்து வந்தாள். மாயாஜாலக்காரர் நூலகரைப் பார்த்து, "கொஞ்சம் எழுந்து பின்னாடி இருக்கற புத்தகம் ஒண்ணை எடுங்க" என்றார். நூலகர் எழுந்து எடுத்துப் பிரித்துக் காட்டினார். "சரி, சுவர்ல ஒட்டின படம் இல்ல" என்று மாயாஜாலக்காரர் ஒத்துக்கொண்டார். புல்லாங்குழல்காரர் அந்த அளவுக்குக்கூட இறங்கி வரவில்லை. அந்த வருடம் அவருக்குக் கிடைத்திருந்த ஒரே மேடை அதுதான் என்று பந்துக்காரி சொன்னாள். பாப்பாவின் முதல் மன்னிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, அடுத்தது வருவதற்குள் போனில் அவளை பிளாக் செய்துவிட்டார். அதற்கு மேல் அவள் அனுப்பியது எதுவும் அவரைப் போய்ச் சேரவில்லை.

"நான் வரல, என் இடத்துல வேற யாரையாவது போட்டுக்குங்க" என்று பாப்பா நூலகரிடம் சொன்னாள்.

"ஏம்மா, ஏற்கனவே ஆள் குறையுது. நீங்களும் வரலைன்னா நான் போய் மேடையில புத்தகம் வாசிக்கணும். மரியாதையா வந்து சேருங்க" என்றார் நூலகர்.

அண்ணனும் கூட வந்தார். "பாதுகாப்புக்கு" என்று சொல்லிக்கொண்டார். யார் பாதுகாப்புக்கு என்று அண்ணி கேட்டபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அந்த ஊரில் இறங்கியதும் நேரே நூலகரிடம் போய், "முதல்ல போன் பண்ணி வச்சது நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். அதோடு விடாமல், மூன்று நாளும் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு வந்தவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு டிக்கெட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

பாப்பா இரண்டாம் நாள் மாலை ஆடினாள். வந்திருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். முக்கால் மணி நேரம். ஒத்திகையில் எலக்ட்ரீஷியன் அவளிடம் கேட்டது எல்லாம் "எங்க நிப்பீங்க?", "எப்ப திரும்புவீங்க?" மட்டும்தான். ஆனால் அவள் திரும்பிய இடத்திலெல்லாம் வெளிச்சம் முன்னாலேயே வந்து காத்திருந்தது. பல் வலிக்காரன் நாற்காலியில் உட்காரும்போது விளக்கு ஒரு நூல் குறைந்தது. அவள் கேட்காதது அது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிப் போனார்கள். முடிந்ததும் நன்றி சொல்லப் போனாள். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "வேலைங்க" என்றார். அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரி கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். எலக்ட்ரீஷியன் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒரு கல்லூரி ஆசிரியை சொல்லி இரண்டு மேடை கிடைத்தது. பந்துக்காரி சொல்லி மூன்று. எச்சரிக்கைக்காக வந்த கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்து, எழுநூறு பேர் மிஞ்சினார்கள். இப்போதும் பாப்பா எழுத்தை மூன்று முறை படிக்கிறாள். சந்தேகம் வந்தால் முதலில் அந்த ஆளிடமே, "நீங்க யாரு, எனக்கு இதெல்லாம் புரியல" என்று நேராகக் கேட்டுவிடுகிறாள். பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் கேட்ட அன்றைக்கே மாயமாகிவிட்டார்கள். அவர்கள் நிஜமாகவே கும்பல்தான் என்று அண்ணனுக்கு இன்றுவரை பெருமை.

புல்லாங்குழல்காரர் விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. பிளாக் செய்த ஆளிடம் எந்த வழியாகப் போய் மன்னிப்புக் கேட்பது? பந்துக்காரியிடம் முகவரி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிற வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். இரண்டு பஸ் மாறி, மூன்றாவது மாடி ஏறி, அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு சங்கிலியோடு நாலு விரல் அளவு திறந்தது. அதில் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"யாரு?"

சொன்னாள்.

"எதுக்கு வந்தீங்க? வீடியோ எடுத்துப் போடவா?"

பாப்பா போனை எடுத்து, அவர் பார்க்க அணைத்து, பைக்குள் போட்டாள். அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால உங்களுக்கு ஒரு மேடை போச்சு. அதை நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லிட்டேன்."

கதவு மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கூட்டம் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னாள். மேடையில் எதிரொலி அடிக்குமா என்று கேட்டார். நான் பேசாத ஆள், ஆனால் மாயாஜாலக்காரர் பேசும்போது நன்றாகக் கேட்டது, பின்சுவரில் மரப்பலகை அடித்திருக்கிறார்கள் என்றாள். மரம் என்றதும் அந்தக் கண் கொஞ்சம் அகன்றது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கதவிடுக்கு வழியாகவே கால் மணி நேரம் விசாரித்தார். அவளும் நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"அடுத்த வருஷம் அவங்க கூப்பிட்டா போவேன்" என்றார் கடைசியில். "நீங்க வந்து சொன்னதுக்காகப் போறேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

சங்கிலி கடைசிவரை கழலவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பாப்பா மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்து, திரும்புகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று எதிரே வந்த ஒருவரிடம் கேட்டாள்.